கெர்னலில் செயலி எண்ணிக்கை எல்லைப் பிழைகள்: கண்டுபிடித்துத் திருத்த ஒரு முழுமையான வழிகாட்டி

கத்திரி வெயில் நாள் ஒன்றில், மதுரைக்கு வெளியே உள்ள ஒரு கல்லூரியின் ஆய்வகத்திலிருந்து என்னை அழைத்தார்கள். மாணவர்கள் எழுதிய லினக்ஸ் கெர்னல் மாட்யூல் ஒன்று கணக்கைக் குறைத்துக் காட்டுகிறது என்பது புகார். நெட்வொர்க் வழியே வரும் பாக்கெட்டுகளை ஒவ்வொரு செயலியும் தனித்தனியாக எண்ணி வைத்துக்கொள்ளும். கேட்கும்போது மாட்யூல் அவற்றைக் கூட்டிச் சொல்லும். முந்தைய வாரம் வரை சரியாக வந்த கூட்டுத்தொகை அன்று உதைத்தது. நிரலில் எவரும் கை வைக்கவில்லை. ஏசி பழுதான அறையில் கணினி கொதிக்கிறது என்று ஒரு மாணவர், இருந்த நான்கு கோர்களில் 1 என்ற எண்ணுள்ள கோரை மட்டும் அணைத்து வைத்திருந்தது விசாரித்த பிறகுதான் தெரிந்தது.

மாட்யூலில் இருந்த லூப் பூஜ்யத்தில் தொடங்கி, இப்போது எத்தனை செயலிகள் இயங்குகின்றன என்று கெர்னல் தரும் எண்ணிக்கை வரை ஓடியது. நான்கும் இயங்கியபோது 0, 1, 2, 3 என்று சரியாகப் போனது. ஒன்றை அணைத்ததும் எண்ணிக்கை 3 ஆகிவிட, லூப் 0, 1, 2 ஆகியவற்றோடு நின்றுவிட்டது. தூங்குகிற 1-ஐப் போய்ப் பார்த்தது. உழைக்கிற 3-ஐ விட்டுவிட்டது. மாட்டுத்தாவணியில் மூன்று பேருந்துகள் நிற்கின்றன என்று கேட்டவர், முதல் மூன்று நடைமேடைகளை மட்டும் பார்த்துவிட்டு நான்காவதில் நிற்கும் தன் ஊர்ப் பேருந்தைத் தவறவிடுவது போன்றது இது.

எத்தனை என்பது வேறு, எத்தனையாவது என்பது வேறு. பின்னதைக் கேட்க நம் மொழியில் ஒற்றைச் சொல்லே இருக்கிறது. நான் பார்த்த செயலி எல்லைப் பிழைகளில் பெரும்பகுதி இவ்விரண்டையும் ஒன்றாகக் கொண்டதால் வந்தவையே. மீதி, எல்லை ஒன்று இருக்கிறது என்பதையே நிரல் மறந்துவிட்டதால் வந்தவை. இந்த வழிகாட்டி இரண்டையும் எடுத்துக்கொள்கிறது. சி மொழி தெரிந்தவர்களையும், கெர்னலை ஒருமுறையாவது கம்பைல் செய்து பூட் செய்தவர்களையும் மனத்தில் வைத்து எழுதுகிறேன். கெர்னலின் பெயர்களை உச்சரிப்புப்படி தமிழில் தருகிறேன். மூலநிரலில் தேடும்போது சொற்களுக்கு நடுவே அடிக்கோடு இருக்கும் என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

படி 1: எந்த எண் பொய் சொல்கிறது என்று பார்த்தல்

திருத்தம் தேடும் முன், இயங்கும் கணினியில் நான்கைந்து எண்களைத் தனித்தனியே எழுதிக்கொள்ள வேண்டும். முதலாவது, கம்பைல் செய்யும்போதே முடிவாகிவிடும் உச்சவரம்பு. லினக்ஸில் அதன் பெயர் என்ஆர் சிபியூஸ். 64 பிட் இன்டெல், ஏஎம்டி கணினிகளுக்கான கெர்னலில் இதன் வழக்கமான மதிப்பு 64. மேக்ஸ்எஸ்எம்பி என்ற அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் 8192. இரண்டாவது, பூட் ஆனபின் கெர்னல் கண்டுகொள்ளும் உண்மையான எல்லை. அதன் பெயர் என்ஆர் சிபியூ ஐடிஸ். பெயரில் எண்ணிக்கை போலத் தெரிந்தாலும் இது எண்ணிக்கை அல்ல, இருக்கக்கூடிய மிகப்பெரிய செயலி எண்ணோடு 1 கூட்டியது. இவை தவிர, இருக்கக்கூடியவை, பொருத்தப்பட்டவை, இயங்குபவை என்று பாசிபிள், பிரசன்ட், ஆன்லைன் ஆகிய மூன்று மாஸ்க்குகள் உண்டு. இவை எண்கள் அல்ல, செயலிக்கு ஒரு பிட் வீதம் வைத்த கணங்கள்; நடுவே ஓட்டை விழலாம்.

மீனாட்சியம்மன் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் உள்ள தூண்கள் 985 என்பது நம் ஊரில் பலரும் அறிந்தது. பெயரில் உள்ள ஆயிரம் என்ஆர் சிபியூஸ் போன்றது. பெயரை நம்பி ஆயிரம் வரை எண்ணிக்கொண்டு போகிறவர் இல்லாத பதினைந்து தூண்களையும் தொட்டுப் பார்க்க முயல்வார். மண்டபத்தில் அதனால் கேடில்லை. கெர்னலில், ஒதுக்கப்படாத நினைவகத்தைத் தொட்டதாகிவிடும்.

இவற்றைப் பார்க்க, சிஸ் கோப்பகத்துக்குள் டிவைசஸ், சிஸ்டம், சிபியூ என்று வரிசையாக இறங்கினால் பாசிபிள், பிரசன்ட், ஆன்லைன், ஆஃப்லைன், கெர்னல் மேக்ஸ் என்ற பெயர்களில் சிறு கோப்புகள் கிடைக்கும். கெர்னல் மேக்ஸ் காட்டுவது அனுமதிக்கப்பட்ட மிகப்பெரிய செயலி எண்ணை; அதாவது வரம்பு 8192 என்றால் அங்கே 8191 இருக்கும். இதை எண்ணிக்கை என்று எடுத்துக்கொண்டு அரே ஒதுக்கும் ஸ்கிரிப்ட் எதையாவது பார்த்தால், ஒன்று குறைகிறது என்று அப்போதே குறித்து வையுங்கள். அடுத்து டிமெசேஜ் பதிவில் செட்டப் பெர்சிபியூ என்று தொடங்கும் வரியைத் தேடுங்கள். என்ஆர் சிபியூஸும் என்ஆர் சிபியூ ஐடிஸும் அந்த ஒரே வரியில் அருகருகே கிடைக்கும். செயலி எல்லையை எட்டிவிட்டதால் மீதியைப் புறக்கணிக்கிறேன் என்ற பொருளில் எச்சரிக்கை வரி ஏதேனும் அதே பதிவில் இருந்தால், நீங்கள் தேடுவது நிரல் பிழையே அல்லாமல் கம்பைல் அமைப்பின் குறையாகவும் இருக்கலாம்.

பூட் கட்டளை வரியையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. அங்கே மேக்ஸ்சிபியூஸ் என்று கொடுத்தால், பூட்டின்போது அத்தனை செயலிகள் மட்டும் எழுப்பப்படும். மற்றவற்றைப் பிறகு ஆன்லைன் கோப்பில் 1 எழுதி எழுப்பிக்கொள்ளலாம். என்ஆர் சிபியூஸ் என்று கொடுத்தால் உச்சவரம்பே அதுதான், பிறகு உயர்த்த வழியில்லை. எப்போதோ எவரோ சோதனைக்காகச் சேர்த்துவிட்டு மறந்த இந்த ஒரு சொல்லால், பாதிச் செயலிகள் காணவில்லை என்று கெர்னலைத் திட்டியவர்களில் நானும் ஒருவன்.

படி 2: எல்லையைக் கீழே இறக்கிப் பிழையை வரவழைத்தல்

இருநூறு கோர் கொண்ட சர்வரில் மட்டும் வரும் பிழை என்று கேட்டதுமே, நம்மிடம் அப்படி ஒரு இயந்திரம் இல்லையே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். பெரிய இயந்திரம் தேவையில்லை. எல்லையை எட்ட முடியாவிட்டால், எல்லையை நம்மிடம் இறக்கிக் கொண்டுவரலாம். என்ஆர் சிபியூஸை 2 என்று வைத்துக் கெர்னலைக் கம்பைல் செய்து, கெமு மெய்நிகர் இயந்திரத்தில் செயலிகளின் எண்ணிக்கையைச் சொல்லும் எஸ்எம்பி மதிப்பை 4 என்று கொடுத்தால், நான்கு கோர் லேப்டாப்பிலேயே வரம்பு மீறல் நடந்துவிடும்.

இதைக் கற்றுக்கொள்ளச் சிறந்த இடம் லினக்ஸ் அல்ல, எக்ஸ்வி6. எம்ஐடி பல்கலைக்கழகம் பாடத்துக்காக எழுதிய இந்தச் சிறு யூனிக்ஸ் கெர்னலை ஒரு வார இறுதியில் முழுதாகப் படித்துவிடலாம். ரிஸ்க்-ஃபைவ் என்ற செயலி வகைக்கான அதன் பதிப்பில், பாரம் என்ற தலைப்புக் கோப்பில் என்சிபியூ என்ற மாறிலி 8 என்று இருக்கிறது. மேக்ஃபைலில் சிபியூஸ் என்ற மாறி 3 என்று இருக்கிறது. கெமுவுக்கு எத்தனை செயலிகள் தர வேண்டும் என்பதை அதுதான் சொல்கிறது. இந்த இரண்டு எண்களுக்கும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லை என்பதையும், ஒன்று மற்றதைத் தாண்டினால் தடுக்க நிரலில் எதுவும் இல்லை என்பதையும் கவனியுங்கள்.

என்சிபியூவை 2 ஆக்கிவிட்டு, மேக்ஃபைலைத் தொடாமல் ஓட்டுங்கள். பூட்டுக்கான ஸ்டாக்0 என்ற அரேயின் அளவு என்சிபியூவை 4096 ஆல் பெருக்கிய தொகை. இப்போது அது 8192 பைட். என்ட்ரி என்ற அசெம்பிளிக் கோப்பு, ஒவ்வொரு செயலியும் தன் எண்ணைப் படித்து, அதோடு 1 கூட்டி, 4096 ஆல் பெருக்கி, ஸ்டாக்0-வின் தொடக்கத்தோடு சேர்த்துத் தன் ஸ்டாக்கின் உச்சியைக் குறித்துக்கொள்ளச் செய்கிறது. எண் 0-க்கு உச்சி 4096, எண் 1-க்கு 8192. மூன்றாவது செயலியின் எண் 2. அதன் உச்சி 12288. அரே முடிந்தது 8192-இல். ஆக, மூன்றாவது செயலி தன்னுடையதல்லாத 4096 பைட்டை ஸ்டாக் என்று நினைத்து எழுதத் தொடங்குகிறது. அங்கே இணைப்பான் எதை வைத்ததோ அது அழியும். சிபியூஸ் என்ற இன்னொரு அரேயிலும் இதே கதைதான். இரண்டு இடம் உள்ள அரேயில் மூன்றாவது இடத்தின் முகவரியை மைசிபியூ என்ற செயல்கூறு கூச்சமில்லாமல் திருப்பித் தரும்.

வெளியில் தெரிவது என்ன என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாது. எதுவும் நடக்காதது போலவே ஓடலாம், பூட் நடுவில் தொங்கலாம், சம்பந்தமில்லாத இடத்தில் பேனிக் ஆகலாம். இந்த வகைப் பிழையின் கெட்ட குணமே இதுதான்: தவறு நடந்த இடத்துக்கும் வலி தெரியும் இடத்துக்கும் தொடர்பு இருக்காது.

என்சிபியூவை மறுபடி 8 ஆக்கினால் அறிகுறி மறைந்துவிடும், பிழை மறையாது. எண்ணை உயர்த்துவது எல்லையைத் தள்ளிப்போடுவதே தவிர, எல்லை மீறலைக் கையாள்வது அல்ல. சரியான திருத்தம் இரண்டு வரி. என்ட்ரி கோப்பில் பாரம் தலைப்புக் கோப்பை இன்க்ளூட் செய்துகொண்டு, செயலி தன் எண்ணைப் படித்த மறுவரியிலேயே அதை என்சிபியூவுடன் ஒப்பிட்டு, சமமாகவோ பெரிதாகவோ இருந்தால் கோப்பின் கடைசியில் ஏற்கெனவே இருக்கும் ஸ்பின் என்ற முடிவில்லாச் சுழலுக்கு அனுப்பிவிட வேண்டும். அங்கே இரண்டு இடங்களில் கால் இடறும். ஒப்பீட்டை 1 கூட்டும் வரிக்குப் பின்னால் வைத்துவிட்டால், தகுதியுள்ள கடைசிச் செயலியும் வெளியே நிற்கும். சமமானதை விட்டுவிட்டுப் பெரிது என்று மட்டும் ஒப்பிட்டால், எண் 2 உள்ளே நுழைந்துவிடும், பழைய பிழை அப்படியே இருக்கும். திருத்தியபின் ஓட்டினால் ஹார்ட் 1 தொடங்குகிறது என்ற வரி வர வேண்டும் (ரிஸ்க்-ஃபைவில் செயலியை ஹார்ட் என்பார்கள்), ஹார்ட் 2-க்கான வரி வரக்கூடாது, ஷெல் எழும்ப வேண்டும். முதல் செயலி மற்றவற்றுக்காகக் காத்திருப்பதில்லை என்பதால், ஒன்றைச் சுழலில் நிறுத்தியதால் பூட் தடைபடாது.

படி 3: மூலநிரலில் சந்தேகத்துக்குரிய உருவங்களைத் தேடுதல்

லினக்ஸுக்குத் திரும்புவோம். பிழை உள்ள டிரைவரோ துணை அமைப்போ எதுவென்று தெரிந்ததும், அதன் கோப்புகளில் என்ஆர் சிபியூஸ், நம் ஆன்லைன் சிபியூஸ், நம் பாசிபிள் சிபியூஸ் (இங்கே நம் என்பது நம்பர் என்பதன் சுருக்கம்; அந்தந்த மாஸ்க்கில் உள்ள செயலிகளின் எண்ணிக்கை) ஆகிய சொற்கள் வரும் ஒவ்வோரிடத்தையும் கிரெப் செய்து எடுங்கள். ஒவ்வொன்றையும் பார்த்து, இந்த இடத்துக்குத் தேவை எத்தனையா, எத்தனையாவதா என்று கேளுங்கள். நினைவகத்தைச் செயலிகளுக்குப் பங்கிடும்போது வகுக்கும் எண்ணாக வந்தால், அங்கே தேவை எத்தனை. லூப்பின் முடிவாகவோ, அரேயின் நீளமாகவோ, செயலி எண்ணோடு ஒப்பிடும் எல்லையாகவோ வந்தால், தேவை எத்தனையாவது. அங்கே என்ஆர் சிபியூ ஐடிஸ் வர வேண்டும், இல்லையேல் ஃபார் ஈச் என்று தொடங்கும் லூப் மேக்ரோக்களில் ஒன்று வர வேண்டும். நம் பாசிபிள் சிபியூஸ் அளவுக்கு நினைவகம் ஒதுக்கி, அதைச் செயலி எண்ணால் சுட்டும் நிரல் பெரும்பாலான கணினிகளில் வருடக்கணக்கில் தவறில்லாமல் ஓடும், ஏனென்றால் பெரும்பாலான கணினிகளில் எண்களுக்கு நடுவே ஓட்டை இல்லை.

அடுத்த உருவம், எண் 1-ஐச் செயலி எண் அளவுக்கு இடப்பக்கம் நகர்த்தி மாஸ்க் உருவாக்கும் வரி. பழைய டிரைவர்களில் இது மலிந்து கிடக்கும். சி மொழியில் வெறும் 1 என்பது 32 பிட் முழு எண். அதை 32 இடம் நகர்த்தினால் என்ன ஆகும் என்பதை மொழியின் விதிகள் சொல்வதில்லை. எக்ஸ்86 செயலியில் நகர்த்தும் கட்டளை அளவின் கடைசி ஐந்து பிட்டுகளை மட்டுமே பார்க்கும் என்பதால், 32 என்பது 0 ஆகிவிடுகிறது. விடை மறுபடி 1. அதாவது, 32-ஆம் செயலிக்கு அனுப்பிய வேலை 0-ஆம் செயலிக்குப் போய்ச் சேரும். எவரும் கதறமாட்டார்கள். ஒரு செயலி மட்டும் ஏன் இவ்வளவு திணறுகிறது என்று மாதக்கணக்கில் தலையைச் சொறிந்துகொண்டிருப்பார்கள். 1-ஐ 64 பிட் எண்ணாக மாற்றி எழுதுவது, இதே துன்பத்தை 64-ஆம் செயலிக்குத் தள்ளிவைப்பது மட்டுமே. செயலிகளின் கணத்தை எண்ணாக வைக்காமல் சிபியூமாஸ்க் ஆக வைப்பதே தீர்வு. யூபிசான் என்ற சோதனைக் கருவியின் ஷிஃப்ட் பிரிவை கெர்னல் அமைப்பில் இயக்கி வைத்தால், இத்தகைய நகர்த்தல் நடக்கும் கணத்தில் கோப்பையும் வரியையும் பதிவில் எழுதிவிடும்.

மூன்றாவது, மாஸ்க்கில் எதுவும் கிடைக்காதபோது வரும் விடையைச் சோதிக்கும் முறை. சிபியூமாஸ்க் ஃபர்ஸ்ட், சிபியூமாஸ்க் நெக்ஸ்ட் போன்றவை எதுவும் கிடைக்காவிட்டால் என்ஆர் சிபியூ ஐடிஸுக்குச் சமமான அல்லது அதைவிடப் பெரிய எண்ணைத் தரும் என்பதே ஒப்பந்தம். கழித்தல் 1 வருகிறதா என்று பார்க்கும் நிரலும், என்ஆர் சிபியூஸுக்குச் சமமா என்று பார்க்கும் நிரலும் இரண்டுமே தவறு.

செயலி எண்ணை 8 பிட் மாறியில் வைப்பதும் உண்டு. 256 என்பது 0 ஆகிவிடும். இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை, வகைப் பெயரைத் தேடினால் கண்ணில் பட்டுவிடும்.

கடைசி உருவம் அரே. என்ஆர் சிபியூஸ் நீளத்துக்கு நிலையான அரே வைப்பது எல்லை மீறாது, ஆனால் விரயம். ஓர் இடத்துக்கு 4096 பைட் என்றால், 8192 இடத்துக்கு 32 எம்பி. நான்கு கோர் லேப்டாப்பும் இந்த மொய்யை எழுதித்தான் ஆக வேண்டும். இதற்கு மாற்று பெர்-சிபியூ மாறிகள். டிஃபைன் பெர் சிபியூ என்று அறிவித்தாலோ, அலாக் பெர்சிபியூ என்று ஒதுக்கினாலோ, இருக்கக்கூடிய செயலிகளுக்கு மட்டும் இடம் கிடைக்கும். ஒவ்வொரு செயலியும் தன் பகுதியை மட்டும் தொடுவதால் கேஷ் இழுபறியும் குறையும்.

படி 4: திருத்துதல்

ஆய்வகத்து மாட்யூலுக்கு வருகிறேன். எண்ணிக்கை லூப்பை எடுத்துவிட்டு, இயங்கும் செயலிகளை மட்டும் சுற்றும் ஃபார் ஈச் ஆன்லைன் சிபியூ மேக்ரோவைப் போட்டார்கள். 3-ஆம் செயலியின் கணக்கு சேர்ந்துவிட்டது. ஆனாலும் கூட்டுத்தொகை, அணைப்பதற்கு முன் இருந்ததைவிடக் குறைவாகவே வந்தது. காரணம், 1-ஆம் செயலி அணைவதற்கு முன் எண்ணி வைத்த பாக்கெட்டுகள் அதன் பெர்-சிபியூ மாறியில் அப்படியே இருக்கின்றன. செயலி தூங்கினாலும் அது பார்த்த வேலை பார்த்ததுதானே. புள்ளிவிவரத்தைக் கூட்டும் இடத்தில் பாசிபிள் மாஸ்க்கைத்தான் சுற்ற வேண்டும். வேலையைப் பகிர்ந்து கொடுக்கும் இடத்தில் ஆன்லைன் மாஸ்க்கைச் சுற்ற வேண்டும். நினைவகத்தைத் தயார்செய்யும் இடத்தில் மறுபடி பாசிபிள். எந்த மாஸ்க் என்பதை மேக்ரோவின் பெயரை வைத்து ஊகிக்காமல், செய்யும் வேலையை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இந்த இடத்தில் நிதானித்தால் பாதித் திருத்தம் முடிந்தது.

ஆன்லைன் மாஸ்க்கைச் சுற்றும்போது இன்னொரு கவனம் தேவை. லூப் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு செயலி அணையலாம். சிபியூஸ் ரீட் லாக் என்ற பூட்டை எடுத்துக்கொண்டு சுற்றினால், முடியும்வரை எந்தச் செயலியும் வரவோ போகவோ முடியாது. இந்தப் பூட்டுக்காகத் தூங்கிக் காத்திருக்க நேரிடலாம் என்பதால், இன்டரப்ட் கையாளும் நிரலுக்குள்ளோ ஸ்பின்லாக் பிடித்திருக்கும்போதோ இதை எடுக்கக் கூடாது.

மாஸ்க்குகளை எங்கே வைப்பது என்பது தனிக் கேள்வி. 8192 பிட் என்றால் ஒரு மாஸ்க்குக்கு 1024 பைட். 64 பிட் எக்ஸ்86 கெர்னலின் ஸ்டாக் வெறும் 16 கேபி. ஒரு செயல்கூறு இரண்டு மாஸ்க்குகளை உள்மாறியாக வைத்து, இன்னொன்றை அழைத்து, அது இரண்டு வைத்து என்று போனால் ஸ்டாக் எவ்வளவு விரைவில் தீரும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எஸ்ஜிஐ நிறுவனத்தின் மிகப்பெரிய இயந்திரங்களுக்காக 4096 செயலிகள் வரை கெர்னலை நீட்டும் வேலை நடந்த 2008 வாக்கில் இந்தச் சிக்கல் பெரிதாக வெடித்தது. கெர்னல் நிரலாளர் ரஸ்டி ரஸ்ஸல் முதலியோர் அப்போது கொண்டுவந்ததுதான் சிபியூமாஸ்க் வார் டி என்ற வகை. சிபியூமாஸ்க் ஆஃப்ஸ்டாக் என்ற அமைப்பு இயங்கினால் இது சுட்டியாகிவிடும், நினைவகம் தனியே ஒதுக்கப்படும்; இயங்காவிட்டால் ஒற்றை இடம் கொண்ட அரேயாக ஸ்டாக்கிலேயே இருக்கும்.

இந்த இரட்டை வேடத்தால், உங்கள் கணினியில் தெரியாத மூன்று பிழைகள் வேறொருவர் கணினியில் தெரியும். ஆஃப்ஸ்டாக் இல்லாதபோது அலாக் சிபியூமாஸ்க் வார் எப்போதும் வெற்றியே தரும். ஆகவே தோல்வியைச் சோதிக்க மறந்தது தெரியாது. விடுவிக்க மறந்ததும் தெரியாது, விடுவிக்க அங்கே எதுவும் இல்லையே. மூன்றாவதுதான் மோசமானது: ஒரு மாஸ்க்கை இன்னொன்றுக்கு நட்சத்திரக் குறியிட்டு நேரடியாக மதிப்பளித்துப் பிரதி எடுப்பது. கம்பைலரைப் பொறுத்தவரை ஒரு மாஸ்க்கின் அளவு 1024 பைட். ஆனால் நான்கு செயலிக் கணினியில் உண்மையில் ஒதுக்கியது 8 பைட் மட்டுமே. மீதி 1016 பைட்டை அண்டை வீட்டிலிருந்து படித்து அண்டை வீட்டில் எழுதும். பிரதி எடுக்க சிபியூமாஸ்க் காப்பி என்ற செயல்கூறைத் தவிர வேறு எதையும் பயன்படுத்தாதீர்கள். திருத்திய நிரலை ஆஃப்ஸ்டாக் இயக்கியும் இயக்காமலும் இரண்டு முறை கம்பைல் செய்து ஓட்டுவதை நான் வழக்கமாக வைத்திருக்கிறேன். நேரம் ஆகும், டீக்கடைக்குப் போய் வரலாம்.

கெர்னலுக்கு வெளியே உள்ள எல்லைகள்

எல்லாம் சரியாக எழுதியும் செயலிகள் காணாமல் போனால், வன்பொருளின் எண்ணிடும் முறையைப் பாருங்கள். இன்டெல் வகைக் கணினிகளில் ஒவ்வொரு செயலிக்கும் ஏபிக் எண் என்று ஒன்று உண்டு. பழைய எக்ஸ்ஏபிக் முறையில் அது 8 பிட்; 255 அனைவருக்குமான அறிவிப்புக்கென ஒதுக்கப்பட்டுவிட்டது. எக்ஸ்2ஏபிக் முறையில் அது 32 பிட். பயாஸில் எக்ஸ்2ஏபிக் அணைக்கப்பட்டிருந்தாலோ, இன்டரப்ட் ரீமேப்பிங் இல்லாவிட்டாலோ, பெரிய சர்வரில் மேல் எண்ணுள்ள செயலிகள் எழாமல் போகலாம். அதோடு, ஏபிக் எண்கள் இயல்பிலேயே ஓட்டை உள்ளவை. ஒரு சாக்கெட்டில் மூன்று கோர் என்றால் அதற்கு இரண்டு பிட் தேவை, நான்கு இடம் ஒதுங்கும். எண்கள் 0, 1, 2, 4, 5, 6 என்று போகும். ஏபிக் எண்ணைக் கெர்னலின் செயலி எண் என்று எடுத்துக்கொண்ட நிரல் இங்கே வழுக்கும். கெமுவில் சாக்கெட் 3, கோர் 3 என்று கொடுத்தால் இந்த ஓட்டையை வீட்டிலேயே உருவாக்கிப் பார்க்கலாம்.

பயன்பாட்டு நிரல்கள் பக்கமும் ஓர் எல்லை இருக்கிறது. ஜிலிப்சி நூலகத்தின் சிபியூ செட் டி வகை 1024 பிட் கொண்டது. என்ஆர் சிபியூ ஐடிஸ் அதைத் தாண்டிய இயந்திரத்தில், ஸ்கெட் கெட்அஃபினிட்டி அழைப்புக்கு இந்த வகையைக் கொடுத்தால் கெர்னல் இஇன்வால் என்ற பிழையைத் திருப்பித் தரும். இதைக் கெர்னல் பிழை என்று புகார் தருகிறார்கள்; அல்ல, மாஸ்க் போதாது என்று கெர்னல் நேர்மையாகச் சொல்கிறது. சிபியூ அலாக் மேக்ரோவால் தேவையான அளவுக்கு மாஸ்க்கை ஒதுக்கிக்கொள்வது அந்த நிரலை எழுதியவரின் வேலை. மற்ற இயங்குதளங்களும் இதே சுவரில் முட்டியவையே: விண்டோஸ் 64 செயலிகளைத் தாண்ட விண்டோஸ் 7 காலத்தில் குழுக்கள் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது, ஃப்ரீபிஎஸ்டி 14-ஆம் பதிப்பில் 64 பிட் எக்ஸ்86 கணினிகளுக்கான உச்சவரம்பு 1024 ஆனது.

படி 5: சோதித்து அனுப்புதல்

சோதனைக்கு எண்களைக் கண்டபடி எடுக்க வேண்டாம். கெமுவில் செயலிகள் 1, 2, 32, 33, 64, 65 என்று கொடுத்து ஓட்டுங்கள். 32-ஆம் எண்ணுள்ள செயலி உருவாக 33 செயலிகள் வேண்டும் என்பதால்தான் அந்த ஒற்றைப்படை எண்கள். வேகம் தவழும், ஆனால் இங்கே வேகம் நமக்குப் பொருட்டல்ல. ஒவ்வோர் ஓட்டத்திலும் நடுவில் உள்ள ஒரு செயலியின் ஆன்லைன் கோப்பில் 0 எழுதி அணைத்து, டிரைவரைப் பயன்படுத்தி, மறுபடி 1 எழுதி எழுப்புங்கள். கடைசிச் செயலியை அணைத்துப் பார்ப்பதில் பயன் குறைவு, ஓட்டை விழாது. கேசான் கருவியையும் டீபக் பெர் சிபியூ மேப்ஸ் அமைப்பையும் இயக்கி வைத்தால், அரேக்கு வெளியே தொட்டதும் எல்லை தாண்டிய செயலி எண்ணும் உடனே பதிவில் வந்துவிடும்.

பேட்ச் அனுப்பும்போது திருத்தத்தையும் அலங்காரத்தையும் பிரித்துவிடுங்கள். நம் ஆன்லைன் சிபியூஸ் என்பதை மாற்றும் ஒரு வரி தனிப் பேட்ச். நிலையான அரேயைப் பெர்-சிபியூ மாறியாக மாற்றுவது அடுத்த பேட்ச். முன்னது பழைய ஸ்டேபிள் பதிப்புகளுக்கும் போக வேண்டியது, பின்னது போக வேண்டியதில்லை. பிழை எந்த மாற்றத்தால் நுழைந்தது என்பதை கிட் பிளேமிலோ பைசெக்டிலோ கண்டுபிடித்து, அதன் அடையாள எண்ணின் முதல் 12 எழுத்துகளோடு ஃபிக்ஸஸ் வரியைச் சேர்க்க வேண்டும். சைன்ட் ஆஃப் பை வரி இல்லாமல் எவரும் எடுத்துக்கொள்ளமாட்டார்கள். செக்பேட்ச் ஸ்கிரிப்டை ஓட்டியபின், கெட் மெயின்டெய்னர் ஸ்கிரிப்ட் சொல்லும் முகவரிகளுக்கு அனுப்புங்கள்.

விளக்கத்தில் எல்லை மீறல் திருத்தப்பட்டது என்று மட்டும் எழுதினால் பராமரிப்பாளர் மூன்று கேள்விகளோடு திருப்பி அனுப்புவார். எத்தனை செயலிகளுடன், எந்தச் செயலி அணைந்திருந்தபோது, எந்த அரேயின் எத்தனையாவது இடம் தொடப்பட்டது என்பதையும், அதை வரவழைத்த கெமு கட்டளையையும் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள்.